பிரம்மா வளர்ப்பு: ஒன்பதாம் மாதக் குறிப்பு

லைட் பிரம்மா என்ற பெரிய உடற்கட்டுள்ள கோழி இனத்தின் 14 குஞ்சுகளில் இப்போது நிற்பவை ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும். இனப்பெருக்கத்துக்கு ஆகாதவை என்று மற்றவற்றைக் கழித்ததில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான்காம் மாதம் சேவல்கள் நெடுநெடுவென்று உயர்ந்து, நெஞ்சில் சதையே இல்லாமல் நின்றன. தராசில் வைத்துப் பார்த்து, எடை குறைந்த இரண்டைக் கழித்தேன். அவற்றின் கணைக்கால் மற்றவற்றைவிடப் பருமன் என்று என் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இந்த இனத்துக்கு முதலில் எலும்பு வளரும், சதை பிறகுதான் ஏறும். பருமனான கால்தான் பின்னால் வரும் பாரத்தைத் தாங்கும். கோழி இனங்களின் இலக்கணத்தை வகுத்து 1874இல் வெளிவந்த அமெரிக்கத் தரநூலின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்ற இனம் இது. இன்றைய தரநூல் சேவலுக்கு 5.4 கிலோ, பெட்டைக்கு 4.3 கிலோ என்கிறது. ஆனால் அது ஒரு வயது கடந்த பறவைக்கான கணக்கு. நான்காம் மாதத்தில் அதை எதிர்பார்த்தது என் அவசரம். அந்த இரண்டு சேவல்களையும் நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சீக்கிரம் கழிக்கத்தக்கவையும் உண்டு. பட்டாணிக் கொண்டையின் மூன்று தாழ்ந்த வரிகளுக்குப் பதில் ஒற்றைக் கொண்டை எழுந்தவை, நடுவிரலில் இறகு முளைக்காதவை, முட்டியிலிருந்து பின்னோக்கி விறைத்த இறகு நீண்டவை. இவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மற்றதெல்லாம் கையால் பார்க்க வேண்டியது. இவ்வளவு அடர்ந்த இறகு கண்ணை ஏமாற்றிவிடும். இருட்டியதும் கோழிகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, மார்பெலும்பை முன்னிருந்து பின்னாக விரலால் நீவுகிறேன். தோளில் உள்ள அகலம் வால்வரை குறையாமல் வருகிறதா என்று முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். கூட்டத்திலேயே எடுப்பாகத் தெரிந்த பெட்டைக்கு மார்பெலும்பு நடுவில் வளைந்திருந்தது. ஆறாம் வாரமே மெல்லிய கழியில் அடையவிட்டது காரணமாக இருக்கலாம், பிறவிக் குறையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதை இனப்பெருக்கத்துக்குச் சேர்க்கமாட்டேன். கழியை எடுத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கும் கீழே அகலப் பலகை போட்டிருக்கிறேன். கனத்த உடம்போடு மேலிருந்து குதித்தால் பாதத்தில் புண் வரும். படுக்கையையும் ஈரமில்லாமல் வைத்திருக்கிறேன்; கால் இறகில் சேறு அப்பிக் காய்ந்தால் இறகு முறிந்து ரத்தம் கசிகிறது.

நிறுத்திய சேவலின் கழுத்து இறகில் நடுக் கறுப்பு கொஞ்சம் மங்கல். முதுகில் கறுப்புப் புள்ளி இல்லை. கட்டு அருமையானது, கால்களும் நன்றாக விலகி நிற்கின்றன. நிறத்தைவிட உடற்கட்டுக்கே முதலிடம் தருகிறேன். கழுத்தில் கறுப்பு அழுத்தமாக உள்ள மூன்று பெட்டைகளை அதனோடு விட்டிருக்கிறேன்.

வளைந்த மார்பெலும்புப் பெட்டைதான் முதலில் முட்டையிட்டது. வெளிர்பழுப்பில் அழகான முட்டைகள். பென்சிலால் கோடு போட்டு, அடைக்கு வைக்காமல் சமையலுக்கு ஒதுக்குகிறேன்.