புயல் கொண்டுபோன வீட்டைத் தேடி

நியூயார்க் பென் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கனெக்டிகட்டின் கடலோர ஊரான ஓல்ட் சேப்ரூக் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். வலப்பக்க ஜன்னலில் இடம் பிடியுங்கள். நியூ ஹேவன் தாண்டியதும் கடல் வந்து வந்து போகும்.

ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்னுக்காகத்தான் போனேன். மெயின் ஸ்ட்ரீட்டில் 1911இல் கட்டிய பழைய டவுன் ஹால் இப்போது அவர் பெயர் தாங்கிய நாடக அரங்கம். ஊர்க்காரர்களுக்கு அது 'தி கேட்', கேத்தரின் என்பதன் சுருக்கம். மொத்தமே 250 இருக்கைதான். நடிப்புக்காக நான்கு ஆஸ்கர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமைக்கு இந்தச் சின்ன அரங்கமே போதும் என்று எனக்குப் பட்டது.

அங்கிருந்து ஹெப்பர்னின் குடும்ப வீடு இருந்த ஃபென்விக்குக்கு நடந்தேன். தண்ணீருக்கு நடுவே நீளும் சாலையில் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. ஓரத்தில் இரண்டு பேர் தூண்டில் போட்டு நின்றார்கள். கம்பத்து உச்சியில் சுள்ளிக் கூடு. அதில் மீன் பிடித்துத் தின்னும் கழுகு போன்ற பறவை, ஒரு விராலடிப்பான், காலடியில் மீன்.

1938 ஹெப்பர்னுக்குப் பொல்லாத வருஷம். படங்கள் வரிசையாகப் படுத்துவிட, தியேட்டர்காரர்கள் 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். ஹாலிவுட்டை விட்டு இங்கே வந்துவிட்டார். செப்டம்பர் 21 காலையில் கடலில் குளித்தார், கோல்ஃப் ஆடினார். மதியத்துக்கு மேல் வந்த புயல், குடும்ப வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டது. எல்லோரும் உயிர் தப்பினார்கள். அப்புறம் மணலைத் தோண்டி அம்மாவின் வெள்ளிச் சாமான்களை எடுத்தார்களாம்.

அடுத்த மார்ச்சில் பிராட்வேயில் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' மேடையேறியது. நாடகாசிரியர் ஃபிலிப் பாரி ஹெப்பர்னை மனதில் வைத்தே எழுதிய நாடகம். நானூறு காட்சிகளைத் தாண்டி ஓடியது. படமாக்கும் உரிமையும் ஹெப்பர்ன் கையில் இருந்தது. கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கிக் கொடுத்தது. நாயகி நான்தான் என்று சொல்லித்தான் எம்.ஜி.எம். படக் கம்பெனிக்கு விற்றார். கைவிட்ட ஹாலிவுட்டுக்கு அவர் இப்படித் திரும்பிய விதம் எனக்கு எந்த ஆஸ்கரையும்விடப் பெரிது.

அதே 1939இல் வீடும் எழுந்தது. அதே இடத்தில், முன்னைவிட உயரமாக. இப்போது தனியார் வீடு. சாலையிலேயே நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவர், வரிசையாகப் புகைபோக்கிகள். பின்னால் கடல் அன்று குளம் மாதிரி கிடந்தது.