தியத்தலாவையில் கழற்றிய மூடி

காரின் ரேடியேட்டர் ரிசர்வ் போத்தல் விளிம்பு வரைக்கும் நிரம்பி நிற்பதைப் பார்த்து வெள்ளிக்கிழமை காலையில் நான் சந்தோஷப்பட்டேன். தண்ணீர் குறையவில்லை, புது ரேடியேட்டர் ஒழுகவில்லை, எல்லாம் சரி என்று பானெட்டை மூடிவிட்டு ப்ளேன்டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் எழுதுவதற்கு இப்போது ஒன்றுமே இருந்திருக்காது.

இது சில வருடங்களுக்கு முந்தைய ஒரு ஏப்ரல். பழைய போனில் படங்கள் அகப்பட்டதால் ஞாபகம் வந்தது. வண்டி ஒரு நிஸான் மார்ச், கே11, 1000 சீசீ. தலவாக்கலையில் மச்சானின் கராஜுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் சும்மா கிடந்தது. அதற்குள், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுகிற ரோல் கேஜ் கம்பிக்கூடு அடித்து, பின் சீட்டைக் கழற்றி எறிந்து, பொலிதீன் பையில் கட்டி வைத்திருந்த என் சேமிப்பையும் காலி செய்து ஓடுகிற நிலைக்குக் கொண்டு வந்தோம். வார நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இது முக்கியம், பின்னால் வரும். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது பழைய ரேடியேட்டர் பிளந்துகொண்டது. ஒரு ஸ்பெயார்ஸ் கடையில் ரீகண்டிஷன் ஒன்று எடுத்தோம், கூடவே பளபளவென்று ஒரு புது மூடியும் தந்தார்கள். நேரம் இல்லாததால் கூலன்ட் கூட இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கோவா ஏற்றுகிற கென்டர் லொறி ஒன்றில் காரை ஏற்றினோம். நானுஓயா, நுவரெலியா, ஹக்கலை, வெலிமடை என்று இறங்கிப் போகிற பாதை முழுக்க முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு, காலுக்குக் கீழே அழுகின கோவா இலை வாசனையோடு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது, வளைவுகளால் அல்ல, பயத்தால்.

தியத்தலாவை ராணுவ ஊர். 1900இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து போயர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்து வைத்த ஊர். ஃபொக்ஸ் ஹில் என்ற பெயருக்குக் காரணம் எச்எம்எஸ் ஃபொக்ஸ் என்ற கப்பலின் ஆட்கள் வெள்ளைக் கற்களை அடுக்கி மலையில் செய்த நரி உருவம். தார் ரோட்டில் ஓடுகிற போட்டி இல்லை இது, கிரவல். எந்த நேரமும் இரண்டாம் கியர், கொஞ்சம் மூன்றாம் கியர், என்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், ஆனால் ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளுகிற அளவுக்கு வண்டிக்கு வேகம் இருக்காது. அதோடு 60 குதிரைச் சக்தியைத் தாண்டாத என்ஜின், காற்று மெலிந்த உயரம், மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறும்.

சனிக்கிழமை பயிற்சியில் முதல் இரண்டு சுற்று எனக்கு நான்தான் உலகத்திலேயே வேகமான ஆள் என்ற நினைப்பு. மூன்றாம் சுற்றில் என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டியது. நாலாவதில் சிவப்பைத் தொட்டது, பானெட் இடுக்கால் ஆவி வந்து கண்ணாடியை மறைத்தது, ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். அப்புறம் சுற்றி நின்ற எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம். என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் போயிருக்கும். வாட்டர் பம்ப். ஹெட் வளைந்திருக்கும். ஒரு பெரியவர், "இந்தக் குளிர்ல எப்புடித் தம்பி வண்டி சூடாவும்?" என்று என்னமோ நான் பொய் சொல்கிற மாதிரிக் கேட்டார். உண்மையில் எனக்கும் அதே கேள்விதான். கே11 என்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும் என்கிற பயம் வேறு.

ராத்திரி பண்டாரவளையில் சித்தி வீட்டு முற்றத்தில் வேலை. பின்னேரம் வழக்கம் போல ஏப்ரல் மழை கொட்டி நிலமெல்லாம் சேறு. என்ஜின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து, 82 பாகையில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி சித்தியின் குழம்புச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தோம், ஒழுங்காகத் திறந்தது. (சட்டியை சித்தி திரும்ப வாங்கவே இல்லை.) இருந்தாலும் அதை மாட்டாமலே விட்டோம். ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்து டேஷ்போர்டில் ஒரு பெல் சுவிட்ச் பொருத்தினோம். கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி வரும் என்று டோர்ச் அடித்துக்கொண்டு அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. ஒயிலில் தண்ணீர் கலந்தால் வருகிற பால் நிறம் ஒயில் கம்பியில் இல்லை. பிளக் நாலும் ஒரே மாதிரி. இவ்வளவுக்கும் அந்த மூடியைக் கழற்றி மதில் மேல் வைப்பதும், எடுத்துப் பூட்டுவதுமாக ஏழெட்டுத் தடவை என் கையாலேயே தொட்டிருக்கிறேன். ஒருமுறை அது உருண்டு வாழைக்கடியில் விழுந்து, தேடி எடுத்துக் கழுவித் துடைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு காலை ஹீட், அதாவது ஃபைனலுக்கு முந்தைய ஓட்டம். மூன்றாம் சுற்றில் மறுபடி ஆவி. இந்தத் தடவை கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், அதற்கு அது வசதி.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. சூடு இறங்கியதும் தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் சூடேறியதும் ரேஸ் பண்ணச் சொன்னான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேல் ஓஸைப் பிடித்துப் பார்த்தான். பிறகு என் கையை இழுத்து அதன் மேல் வைத்தான். ஓஸ் கொழகொழவென்று இருந்தது, அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற மாதிரி. இந்தச் சூட்டில் அது கல் மாதிரி விறைத்திருக்க வேண்டும்.

"ப்ரஷர் இல்லடா. மூடி புடிக்கல," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஸ்கூல்ல ஒன்னய சேர்னு வேற கூப்புடுறாங்க."

என்ன சொல்வது! கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், மேலே போகப் போக அமுக்கம் குறையும், கொதிநிலையும் குறையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். தியத்தலாவை கடல் மட்டத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேலே, அங்கே 96 பாகை அளவிலேயே தண்ணீர் கொதித்துவிடும். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே 94 தான். எங்கள் வீடுகளில் ப்ரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். ரேடியேட்டர் மூடியும் அதே குக்கர் மூடிதான். 0.9 என்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அமுக்கம் என்று பொறித்த மூடி தன் வேலையைச் செய்தால் அந்த உயரத்திலும் 115 பாகை வரைக்கும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். ஸ்பிரிங் செத்த மூடி என்றால் 96இலேயே ஹெட்டுக்குள் கொதித்து, ஆவி தண்ணீரை வெளியே தள்ளி, அப்புறம் முள் ஏறாமல் என்ன செய்யும்? பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஊர் குளிர்தான், ஆனால் கொதிப்பதற்கு இங்கே சூடு குறைவாகவே போதும்.

ரிசர்வ் போத்தலும் அதைத்தான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கிறது. சூட்டில் வெளியே தள்ளிய தண்ணீரை ஆறியதும் மூடியின் சின்ன வால்வு வழியாக ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். போத்தல் நிரம்பி வழிய நிற்கிறது என்றால் உள்ளே குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் அதைப் பார்த்துத்தான் டீ குடிக்கப் போனேன்.

ஃபைனலுக்கு இரண்டு மணி நேரம் கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கு எங்கே போவது? வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஒவ்வொரு நிஸானாகப் பார்த்துக்கொண்டு போனோம். அப்புத்தளையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு மாமா, எஃப்பி15 நிஸான் சன்னி வைத்திருந்தார். முன்பின் தெரியாத ஆள். மச்சான் நிலைமையைச் சொன்னதும் மாமி, "குடுக்காதீங்க, நாம எப்புடி வூட்டுக்குப் போறது?" என்றார். மாமா மாமியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பானெட்டைத் திறந்துவிட்டார். தன் ரேடியேட்டர் வாயை ஒரு ஷொப்பிங் பையால் மூடி ரப்பர் பட்டி போட்டுக் கட்டினார். அவருடைய மூடி எங்கள் ரேடியேட்டருக்கு அப்படியே பொருந்தியது.

ஃபைனல் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. பதினொரு வண்டியில் ஏழாவதாக வந்தேன், அதிலும் இரண்டு பேர் தாங்களே சேற்றில் சிக்கிக்கொண்டார்கள். முள் பாதியில் ஆணி அடித்த மாதிரி நின்றது, நான் பாதையைப் பார்த்ததை விட அதைத்தான் அதிகம் பார்த்தேன். படங்களில் மேட்டோரம் முழுக்க ஜனம், தோளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. அன்றைக்கு அது கொண்டாட்டமாகத் தெரிந்தது. 2024 ஏப்ரல் 21இல் இதே ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு போட்டிக் கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு இந்தப் படங்களைப் பார்க்கும்போது என் காரில் கண் நிற்பதில்லை.

முடிந்ததும் மூடியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதுவும் உடனே முடியவில்லை. அவ்வளவு சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மாமாவும் மாமியும் பிள்ளைகளும் எங்கள் காரைச் சுற்றி முக்கால் மணி நேரம் நின்றார்கள். மாமி கொண்டு வந்திருந்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் எங்களுக்கும் தந்தார், ஆனால் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் பழைய மூடியை, அதாவது புது மூடியை, அந்தக் கடைக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புதுசாட்டமே இருக்கே சேர்," என்று சொல்லி, சட்டையில் ஒரு துடை துடைத்து, வேறொன்றை எனக்குத் தந்துவிட்டு, அதைத் திரும்ப எடுத்துத் தட்டில் அடுக்கினார்.