கார்னர் பாய்ந்தால் கவர் போக வேண்டும்

பொங்கல் வந்தால் எங்கள் பக்கம் மின்னொளி கபடி வந்துவிடும். செம்மண்ணைக் கொத்திச் சலித்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, நாலு கம்பத்தில் லைட் கட்டினால் விடிய விடிய ஆட்டம்தான். அந்த மண்ணில் பத்து வருடம் லெஃப்ட் கவர் நின்றவன் நான். தடுப்பாட்டத்தில் ஓரத்தில் நிற்கிறவன் கார்னர், அவனுக்கு உள்பக்கம் நிற்கிறவன் கவர். ஒருவன் நல்ல ஆட்டக்காரனா என்று தெரிய அவன் பிடிக்கிற பிடியை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தில் நிற்கிறவன் அவசரப்பட்டுப் பாய்ந்துவிடுகிறான் பாருங்கள், அந்த நேரத்தில் இவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

கபடியின் விதியே அப்படி. எதிரணியிலிருந்து நம்மைத் தொட்டுவிட்டுத் திரும்ப வருகிற ரெய்டருக்கு 30 விநாடி. கார்னர் அவன் கணுக்காலைப் பிடிக்கிறான், பிடி நழுவி ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டால் கார்னர் ஒருவன்தான் அவுட். நான் உதவிக்குப் போய் விழுந்து, அவன் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்த் தொட்டுவிட்டால் நானும் அவுட், எனக்குப் பின்னால் வந்து விழுந்தவனும் அவுட். ஒதுங்கி நின்றால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போகலாமா வேண்டாமா என்று மனசு அரை விநாடி கணக்குப் போடும், அந்த அரை விநாடியில் ரெய்டர் கோட்டுக்குப் போய்விடுவான்.

ஒருமுறை நானும் அந்தக் கணக்கைப் போட்டேன்.

அரையிறுதி. கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் 27. வந்தவனைச் சும்மா திருப்பி அனுப்பினாலே சமன். முதல் பாதியில் எங்கள் கார்னர், "கைய ஏன்டா விட்ட?" என்று கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கத்தியிருந்தான், அந்தக் கோபம் எனக்குள் அப்படியே இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் பிடியில் உயிர் இல்லை. ரெய்டர் கால் நீட்டினான், இவன் என் கையை உதறிவிட்டுப் பாய்ந்தான். இரண்டு கையும் கணுக்காலில், முகம் மண்ணில். நான் இரண்டே எட்டு தூரத்தில் நிற்கிறேன், போகவில்லை. ரெய்டர் அவனை இழுத்துக்கொண்டே போனான், முழங்கை மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே போனது, கடைசியில் நாலு விரல் கோட்டில் பட்டது. விசில். 27-28.

அவன் பாய்ந்தது தப்புதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் நான் நின்றது அதைவிடப் பெரிய தப்பு. ஊரே அவனைத் திட்டியது, என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைத்துக்கொள்கிறேன். 1990 முதல் 2014 வரை தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கிய இந்திய அணியை ஈரான் அரையிறுதியில் 27-18 என்று வெளியே அனுப்பியது. நமக்கெல்லாம் நெஞ்சு கனத்த நாள். ஆனால் ஈரான்காரர்களின் தடுப்பாட்டத்தைப் பாருங்கள், ஃபசல் அத்ராச்சலி லெஃப்ட் கார்னரிலிருந்து கை வைத்தால் போதும், மற்றவர்கள் யோசிக்காமல் மேலே வந்து விழுவார்கள். நம் தமிழ்நாட்டுக் கார்னர் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் ஆடினார், எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. கூட நிற்கிற சின்னப் பையனுக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

அப்புறம் இன்னொன்று. அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன் தானாக உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கிறவன் எதிராளியை அவுட் ஆக்கினால்தான், அதுவும் அவுட்டான வரிசைப்படிதான், இவன் எழுந்து வரலாம். நீ திரும்ப ஆட வேண்டுமென்றால் அது அடுத்தவன் கையில் இருக்கிறது. இப்படி ஒரு விதி வைத்து ஆடும் ஆட்டத்தில் கூட ஆடுகிறவன்மேல் கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கலாமா?

அன்று வேனில் திரும்பும்போது அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். முழங்கையில் துண்டைச் சுற்றியிருந்தான். ரொம்ப நேரம் கழித்து, வெளியே பார்த்தபடி சொன்னான்: "நீ வருவேன்னு நெனச்சுதான்டா மாப்ள போனேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, வாய் வரவில்லை. அடுத்த வாரம் பயிற்சியில் சீனியர் அண்ணன் ஒருவர் ரெய்டு வந்தார். இவன் மறுபடியும் அவசரப்பட்டுத்தான் பாய்ந்தான். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டார், இரண்டு பேரும் அவுட். வெளியே போய் உட்கார்ந்தபோது அவன் முழங்கைக் காயத்தின் பொருக்கு உரிந்து லேசாக ரத்தம் வந்திருந்தது. என் துண்டைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.