வெயில் இறங்கிய பிறகுதான் வேலையே

சோலார் என்றாலே எல்லோரும் பேனலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ சுவாரஸ்யம் முழுக்க பேட்டரி பக்கம்தான் இருக்கிறது.

மின் நிலையங்களுக்கு இப்போது அதிகம் வாங்குவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கோபால்ட், நிக்கல் இரண்டும் வேண்டாம். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். எடை கூடுதல்தான். ஆனால் ஓரிடத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு எடை ஒரு பிரச்சினையா என்ன?

அப்புறம் சோடியம் அயனி. லித்தியம் பேட்டரியின் எதிர்மின் முனையில் (நெகட்டிவ் பக்கம்) செம்புத் தகடு வேண்டும். அலுமினியம் போட்டால் லித்தியம் அதோடு கலந்து கெடுத்துவிடும். சோடியம் அப்படிக் கலப்பதில்லை. அதனால் இரண்டு முனைக்கும் மலிவான அலுமினியமே போதும். உப்பிலிருந்து கிடைக்கும் பொருள் என்று இதைப் புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தத் தகடு சமாச்சாரம்தான்.

இத்தனைக்கும், சேமிக்கும் அளவில் உலகில் இன்னும் முதலிடம் பழைய நீரேற்று நிலையங்களுக்குத்தான். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது கீழே விடு. ஏறக்குறைய முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும்.

பேட்டரியின் பலம் வேகம். 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் வைத்த 100 மெகாவாட் பேட்டரி, தேவைக்கு மின்சாரம் போதாமல் மின்வலையின் அதிர்வெண் சரிந்தால் நொடிக்குள் கைகொடுக்கும். ஆனால் முழுத் திறனில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். சரி, நாள்கணக்கில் வெயிலும் காற்றும் இல்லையென்றால்? அதற்குத்தான் இரும்பு-காற்று பேட்டரியை முயல்கிறார்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது மின்சாரம் வரும். துருவை மறுபடி இரும்பாக்கினால் அதுதான் சார்ஜ்!