அவள் தன் அடக்கத்தைப் பற்றிப் பேசட்டும்

என் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான், ஆரம்பத்தில் வெளியே தெரியாது. அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கீமோ கொஞ்ச காலம் ஓடியது. உடம்பு தாங்கவில்லை, நிறுத்திவிட்டோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். வலியை அடக்குவது, வாந்தியை நிறுத்துவது, இரவில் தூங்கவைப்பது, இவ்வளவுதான் இனி வைத்தியம்.

நாங்கள் விசுவாசிகள். நோய் தெரிந்த அன்றே முழங்காலில் நின்றோம். உபவாசம் இருந்தோம். சபையின் மூப்பர்கள் வந்து, யாக்கோபு நிருபத்தில் சொல்லியிருக்கிறபடியே எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். சுகம் கேட்பதை நான் இன்றுவரை விடவில்லை, விடப்போவதும் இல்லை. கர்த்தரால் கூடாதது ஒன்றுமில்லை என்று முழு மனதோடு நம்புகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு நாள் ஜெபிக்க வந்தவர்களிடம் என் மனைவி தன் அடக்க ஆராதனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எந்தப் பாட்டு பாட வேண்டும், யார் வேதம் வாசிக்க வேண்டும் என்று. அழுகையே இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வந்தவர்களில் ஒருவர் பதறிப்போனார். "சிஸ்டர், அப்படி வாயால அறிக்கை பண்ணாதீங்க. இந்த வீட்டுல சாவுங்கற பேச்சே வரக் கூடாது. அது பிசாசுக்கு இடம் கொடுக்கிறது" என்றார். அன்போடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. அவள் சிரித்துவிட்டு, "சரிங்க அண்ணா" என்றாள். அதன் பிறகு சில நாள் அவள் எதுவுமே பேசவில்லை. யார் வந்தாலும், "கர்த்தர் சுகம் தருவார், ஸ்தோத்திரம்" என்று மனப்பாடம் செய்ததுபோல் சொல்லி அனுப்பினாள்.

ஒரு ராத்திரி மருந்து கொடுக்க எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போறதுக்கு எனக்குப் பயமில்லைங்க. நான் போகப்போறேன்னு யார்கிட்டயும் சொல்ல முடியலையே, அதுதான் தாங்கலை" என்றாள்.

அன்றிலிருந்து வேதத்தை வேறு கேள்வியோடு வாசிக்க ஆரம்பித்தேன். சாகப்போகிறவன் தன் சாவைப் பற்றிப் பேசுவது அவிசுவாசமா?

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் அதிகாரம் என்போம். விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் அதைத் தொடாமல் இருக்க மாட்டார்கள். நோவாவும் ஆபிரகாமும் மோசேயும் வருகிற அதே பட்டியலில் யோசேப்பின் பெயர் எதற்காக வருகிறது, பாருங்கள். பார்வோனின் கனவை விளக்கியதற்காக அல்ல, பஞ்சத்திலிருந்து ஒரு தேசத்தைக் காப்பாற்றியதற்காகவும் அல்ல. சாகும் தறுவாயில், தன் எலும்புகளை என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை கொடுத்தானே, அதற்காக. அதைத்தான் பரிசுத்த ஆவியானவர் "விசுவாசத்தினாலே" என்று எழுதிவைத்திருக்கிறார். யாக்கோபும் அப்படித்தான். மரண காலத்தில் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்து, கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டதுதான் அவனுடைய விசுவாசமாக அங்கே எண்ணப்படுகிறது. ஆதியாகமத்தைப் புரட்டினால், முன்னோர்களை அடக்கம்பண்ணியிருந்த மக்பேலா குகையில் தன்னையும் அடக்கம்பண்ண வேண்டும் என்று அவன் பிள்ளைகளிடம் விவரமாகச் சொல்லியிருப்பதும் இருக்கிறது. என் மனைவி கேட்டது இதைவிடக் குறைவுதான்.

இன்னொன்று, எலிசா. சூனேமியாளின் மகனை உயிரோடே எழுப்பினவர். நாகமானின் குஷ்டம் அவர் சொல்லால் நீங்கியது. அப்படிப்பட்டவர் எப்படி மரித்தார்? வியாதியில். இரண்டாம் இராஜாக்கள் 13-ஆம் அதிகாரம் அதை மறைக்கவில்லை, மரணத்துக்கு ஏதுவான வியாதி என்றே சொல்கிறது. ராஜா வந்து அவர் முகத்தின்மேல் விழுந்து அழுதான். உமக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் அவரிடம் சொன்னதாக எழுதியிருக்கவில்லை. எலியாவுக்கு அக்கினி ரதம் வந்தது, எலிசாவுக்குப் படுக்கை. இரண்டு பேரும் ஒரே கர்த்தருடைய தீர்க்கதரிசிகள்.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எலிசாவுக்கே அப்படின்னா எனக்கென்ன" என்றாள். அப்புறம் நோட்டை எடுத்துவரச் சொன்னாள்.

மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவின் கதையைச் சொல்லித் தேற்றுகிறவர்களும் உண்டு. அவன் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். நானும் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே ஏசாயா 38-இன் கடைசியில் இருக்கிறதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. வாக்குத்தத்தம் கொடுத்த அதே வாய்தான் மருந்தும் சொன்னது.

மருந்துக்கு வருகிறேன். கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் என்றாலே எங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு நடுக்கம். அடிமையாகிவிடுவாள், அதைக் கொடுத்தால் கதை முடிந்தது என்று அர்த்தம், இப்படியெல்லாம். பாலியேட்டிவ் கேர், அதாவது வேதனையைத் தணிக்கும் சிகிச்சை பார்க்கிற டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்பே நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் அதற்கும் முதல் நாளிலிருந்தே மருந்து. வலிக்காகச் சரியான அளவில் எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அபூர்வம் என்றார். மார்ஃபினை இப்படி நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார். நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்து, 1967-இல் லண்டனில் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பின் வலி, மனதின் வலி, குடும்பத்தின் வலி, ஆத்துமாவின் வலி எல்லாம் சேர்ந்ததுதான் சாகிறவரின் வலி என்று கற்றுக்கொடுத்தவர். இது கர்த்தர் தன்னை அழைத்த வேலை என்று நம்பிய கிறிஸ்தவப் பெண் அவர். மார்ஃபின் குப்பியைக் கையில் எடுக்கும்போது அவரை நினைத்து நன்றி சொல்கிறேன்.

இந்த வலி வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும். அதனால் வலி மீறும்போது மடியில் இரண்டு தலையணை வைத்து, அதைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்காருவாள். நான் பின்னால் உட்கார்ந்து முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்படும். எங்கள் ஜெபம் பெரும்பாலும் அந்த நிலையில்தான். நீளமாக எதுவும் வராது. "இயேசுவே, இந்த டோஸ் வேலை செய்யற வரைக்கும் இவளைத் தாங்கும்." அவ்வளவுதான். திரும்பவும் அதையே. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூன்றாந்தரம் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். புதிய வார்த்தை தேட வேண்டியதில்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தத் தோட்டத்தில் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை, பலப்படுத்த ஒரு தூதன் வந்தான். பாத்திரத்தை நீக்கும் என்று கேட்டதற்காகப் பிதா அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. நானும் கூசாமல் கேட்கிறேன்.

இரவில் சில நேரம் வியர்த்து விரிப்பு முழுக்க நனைந்துவிடும். ஆளை எழுப்பாமல் விரிப்பை மாற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அவளை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை முதுகுவரை நீளவாக்கில் சுருட்டி, பக்கத்தில் புதியதைப் பாதி விரித்து, மெதுவாக இந்தப் பக்கம் புரட்டி மீதியை இழுத்துவிட வேண்டும். 41-ஆம் சங்கீதத்தில், வியாதியாய்க் கிடக்கிறவனைக் கர்த்தர் தாங்குவார், அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவார் என்று வருகிறது. எத்தனையோ தடவை வாசித்த சங்கீதம். இப்போது விரிப்பை இழுத்துவிடும்போது, இந்த வேலையைத் தமது வேலை என்று சொன்ன தேவனோடு சேர்ந்து செய்கிறேன் என்று இருக்கிறது. அந்த எண்ணம் மட்டும் இல்லாவிட்டால் பல ராத்திரிகளில் எனக்குக் கை ஓடியிருக்காது.

அவளுக்கு 71-ஆம் சங்கீதம் பிடிக்கும். "என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" என்ற வரிக்கு வந்தால் உதடு அசையும். 88-ஆம் சங்கீதமும் கேட்பாள். கடைசிவரை இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லையே என்று நான் தயங்கினேன். "அப்படியும் கர்த்தர்கிட்டதானே பேசறாரு, அது போதும்" என்றாள்.

ஜெபிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, உரிமையோடு. வந்ததும், "எதுக்காக ஜெபிக்கணும்?" என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதற்காக ஜெபியுங்கள். சத்தம் வேண்டாம், நீளம் வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் பேச ஆரம்பித்த பிறகு செய்ததையெல்லாம் கர்த்தர் கடிந்துகொண்டார், ஆனால் அதற்கு முன்னால் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். முடிந்தால் இரண்டு மணி நேரம் அவள் பக்கத்தில் இருங்கள், நான் போய்த் தூங்கிவிட்டு வருகிறேன். சூரைச்செடியின் கீழ் சாக வேண்டுமென்று கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது உபதேசம் இல்லை. தூக்கமும் சாப்பாடும். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் இதை யாராவது செய்ய வேண்டும்.

நோட்டில் இப்போது எல்லாம் இருக்கிறது. பாட்டுகள், வேத பகுதி, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதச் சொன்னது. ஒரு பாட்டை நான் வேண்டாம் என்றேன், எனக்குப் பாட வராது, உடைந்துவிடுவேன் என்று. "நீங்க பாட வேண்டாம், மத்தவங்க பாடட்டும், நீங்க கேளுங்க" என்று சொல்லி எழுதவைத்தாள்.

எங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு இந்த வாரம் அவள் சொல்லச் சொன்னவை: குமட்டல் நிற்க வேண்டும். காலை நேரத்தில் மயக்கம் குறைந்து, பிள்ளைகளோடு கொஞ்ச நேரமாவது தெளிவாகப் பேச வேண்டும். மூத்தவள் அப்பாவிடம் கோபத்தைக் காட்டாமல் அழ வேண்டும். இவர் (என்னைத்தான் சொல்கிறாள்) சாப்பிட வேண்டும். சுகத்தையும் கேளுங்கள், அதை மட்டும் ஏன் விட வேண்டும் என்கிறாள்.