பாயாசமும் குறிப்பேட்டில் ஏறிடுச்சு

இன்னிக்கு ஒரு வேலையா நன்னடத்தை அலுவலர் (ஜெயிலுக்கு அனுப்பாம நிபந்தனையோட விட்டவங்களைக் கண்காணிக்கிறவர்) அறைக்குப் போயிருந்தேன். வெளி பெஞ்சுல அறுபது தாண்டிய ஒரு அம்மா. மடியில மஞ்சப்பை, அதுக்குள்ள மாத்திரை டப்பாவும் தீர்ப்பு நகலும். மருமகளைக் கொடுமைப்படுத்தியதா பழைய இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ பிரிவு வழக்குல குற்றம் நிரூபணம்.

"ஜெயிலுக்கு அனுப்பலை. அப்ப விடுதலைதானே வக்கீல் சார்?"

இல்லம்மா. 1958-ம் வருஷ நன்னடத்தைச் சட்டம் 4-ம் பிரிவுல விட்டா, குற்றவாளிங்கிற தீர்ப்பு அப்படியே நிக்கும். ஒழுங்கா நடந்துக்குவேன்னு எழுதிக் கொடுக்கிற பாண்டு அதிகபட்சம் 3 வருஷம். கண்காணிப்பு உத்தரவு போட்டா ஒரு வருஷத்துக்குக் குறையாது. நிபந்தனையை மீறினா பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். முதல் தடவை மீறலுக்கு அபராதத்தோட விடவும் வழி உண்டு, அதிகபட்சம் 50 ரூபாய். (ஆமா, ஐம்பதேதான். அன்னிக்குப் போட்டது!)

சிரிப்பு வந்துச்சு, ஆனா உள்ளே நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. அலுவலர் மேடம் கையெழுத்து வாங்கிட்டு மெதுவா கேட்டாங்க: "மருமக வீட்டுப் பக்கம் போனீங்களாம்மா?"

"போகலை மேடம்."

"போன்ல?"

"பேசலை. பேரன் பொறந்தநாளுக்குப் பாயாசம் மட்டும் எதிர்வீட்டுப் பையன்கிட்ட கொடுத்தனுப்பினேன்."

பேனா ஒரு நொடி நின்னுச்சு.

என்னைக் கேட்டா கண்காணிப்புல உருப்படியான பகுதி கையெழுத்து இல்லை, இந்தக் கேள்விதான். அடிச்சது தப்புன்னு தெரிஞ்சவங்களுக்குக்கூட, வேண்டாம்னு சொன்ன வீட்டுக்குப் பாசத்தை அனுப்புறது மிரட்டலா படலாம்னு புரியறதில்லை.

"அந்தத் தூக்கு திரும்பி வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. மூடியே திறக்கலை."

மேடம் அதையும் எழுதிக்கிட்டாங்க.