ஒரு வரி ஸ்கிரிப்ட், இருபது சிஸ்டம்

முன்னாடி வேலை பார்த்த ஆபீஸ்ல இருபது உபுண்டு லினக்ஸ் சிஸ்டம், எல்லாம் 18.04 வெர்ஷன், பார்த்துக்க நான் ஒருத்தன். நெட் கனெக்‌ஷனோட வந்த டிஎன்எஸ் (சைட் பேரை நம்பர் அட்ரஸா மாத்தித் தர்ற சர்வர்) மத்தியானம் ஆனா படுத்துக்கும். "தம்பி நெட் வரல"ன்னு ஃபோன் மேல ஃபோன். போய் பார்த்தா 8.8.8.8க்கு, அதாவது கூகுளோட டிஎன்எஸ்ஸுக்கு, பிங் ஜம்முனு போகும், பேரு போட்டா ஒரு சைட்டும் திறக்காது.

சரி ஸ்கிரிப்ட் போட்டு முடிச்சிடலாம்னு உக்காந்தேன். ஸ்கிரிப்ட்னு சொல்றதே ஓவர்தான், எந்த டிஎன்எஸ்ஸைக் கேக்கணும்னு சொல்ற ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல்ல நேம்சர்வர் 8.8.8.8னு எக்கோ பண்ற, அதாவது எழுதுற, ஒரே வரி, அதை என் சீட்ல இருந்தே எஸ்எஸ்எச் வழியா இருபது சிஸ்டத்துக்கும் லூப் விட்டேன். எல்லாருக்கும் நெட் வந்துருச்சு, டீ குடிக்கப் போகும்போது என் நடையே வேற.

மறுநாள் காலைல ஆன் பண்ணா எல்லாத்துலயும் பழையபடி 127.0.0.53, அந்தந்த சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிற டிஎன்எஸ் அட்ரஸ். நோண்டிப் பார்த்தா ரிசால்வ் டாட் கான்ஃப் நிஜ ஃபைலே இல்ல, வேற ஃபைலைக் காட்டுற லிங்க். ஒரிஜினல் ரன் ஃபோல்டர்ல, அதாவது ராம்ல இருக்கு, ரீஸ்டார்ட் பண்ணா காலி, டிஎன்எஸ்ஸைப் பார்த்துக்கிற சிஸ்டம்டி-ரிசால்வ்டுங்கிற சர்வீஸ் புதுசா எழுதிக்கும். இதுல கூத்து என்னன்னா இதை ரிசால்வ்டு பார்த்துக்குது, எடிட் பண்ணாதேன்னு அந்த ஃபைல் தலையிலேயே கமெண்ட் இருக்கு, நான் படிக்கவும் இல்ல, என் எக்கோ அதையும் சேர்த்து அழிச்சிருக்கு.

அதோட விட்டிருக்கலாம். ரோஷம் வந்து லிங்க்கை டெலீட் பண்ணி நிஜ ஃபைலா வச்சு, யாரும் மாத்த முடியாதபடி பண்ற சாட்டர் பிளஸ் ஐ கமாண்டைப் போட்டு பூட்டிட்டேன், திறக்காம ரூட்டே (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின்) வந்தாலும் தொட முடியாது. அரை மணி நேரத்துல அக்கவுண்ட்ஸ் அக்கா வந்து நிக்கிறாங்க, பில்லிங் சர்வர் ஓப்பன் ஆகல. அந்தப் பேரு எங்க ரவுட்டர்ல மட்டும்தான் இருக்கு, வெளிய இருக்கிற கூகுளுக்கு எப்படித் தெரியும்? ரவுட்டரையும் ரெண்டாவது நேம்சர்வரா சேர்த்தேன், அப்பவும் வரல. முதல் சர்வர் பதிலே சொல்லாம 5 செகண்ட் போனா லினக்ஸ் அடுத்த சர்வரைக் கேக்கும், ஆனா "அப்படி ஒரு பேரே இல்ல"ங்கிறதும் ஒரு பதில்தானே, அதை வாங்கிட்டு பேசாம இருந்துக்கும். இது புரியறதுக்கு ஒரு சாயங்காலமே போச்சு.

சீனியர்கிட்ட புலம்பினேன். "ஏம்பா, எல்லா சிஸ்டமும் ரவுட்டரைத்தானே கேக்குது, ரவுட்டர் யாரைக் கேக்கணும்னு அங்க மாத்தினா போதாதா?" ஒரே இடம், 8.8.8.8, கிளவுட்ஃபிளேரோட 1.1.1.1 ரெண்டையும் போட்டு சேவ் பண்ணேன், முடிஞ்சுது. தனியா ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் மாத்தணும்னா நெட் கனெக்ட் ஆகறதைப் பார்த்துக்கிற நெட்வொர்க்மேனேஜர்கிட்ட என்எம்சிஎல்ஐங்கிற கமாண்ட் வழியா சொல்லணும், தானா வர்ற டிஎன்எஸ்ஸை கண்டுக்காதேன்னும் சேர்த்து சொல்லணும், இல்லன்னா பழசும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் என்ன, பூட்டினதை எல்லாம் ஒவ்வொண்ணா திறந்து லிங்க்கை திரும்ப வச்சேன்.

ஒவ்வொண்ணான்னு சொன்னேன்ல, அன்னைக்கு ஒரு லேப்டாப் லீவுல இருந்தவர் பையில இருந்திருக்கு. ஆறு மாசம் கழிச்சு ஹோட்டல் வைஃபைல லாகின் பேஜே வரலன்னு கொண்டு வந்தார். ஹோட்டல் டிஎன்எஸ்ஸைக் கேக்காம இன்னும் 8.8.8.8ஐயே கேட்டுக்கிட்டிருக்கு, ரிசால்வ் டாட் கான்ஃபை எடிட் பண்ணப் பார்த்தா ரூட்டுக்கே பர்மிஷன் இல்லைங்குது. எந்த மகராசன் இப்படிப் பூட்டி வச்சிருக்கான்னு சத்தமாவே திட்டிட்டேன், பக்கத்து சீட்ல சீனியர் தலை நிமிராம சிரிச்சுக்கிட்டிருந்தார்.